பேனலில் இரண்டு கருவிகள் மட்டும் கறுப்பு ஓட்டையாகத் தெரிவது

எஃப்எஸ்எக்ஸ் (மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ்) விளையாட்டில் சேர்த்த விமானத்தின் பேனலில் இப்படித் தெரிந்தால், விமானத்தை மறுபடி நிறுவ வேண்டாம். உயரமானியும் திசைகாட்டியும் மட்டும் காணாமல் மற்றவை ஓடுகின்றன என்றால், அந்த இரண்டுக்கான கேஜ் கோப்பு (பேனலில் கருவியைக் காட்டி இயக்கும் கோப்பு) எஃப்எஸ்எக்ஸுக்குக் கிடைக்கவில்லை. இலவச விமானங்களில் இது அடிக்கடி வரும். செய்தவர் வேறொரு விமானத்தின் கேஜை இரவல் வாங்கியிருப்பார், அது உங்களிடம் இருக்காது.

1. விமானத்தின் பேனல் ஃபோல்டரில் உள்ள பேனல்.சிஎஃப்ஜி என்ற அமைப்புக் கோப்பை நகல் எடுத்துவிட்டு நோட்பேடில் திறங்கள். கேஜ்00, கேஜ்01 என்று தொடங்கும் வரிகளில் ஆச்சரியக்குறிக்கு முன்னால் இருப்பது கோப்பின் பெயர், பின்னால் இருப்பது கருவியின் பெயர். அடுத்து வரும் எண்கள் இடமும் அளவும், அவற்றைத் தொடாதீர்கள்.

2. அதே பெயரில் ஜிஏயு, டிஎல்எல் அல்லது கேப் கோப்பு அந்த ஃபோல்டரிலோ எஃப்எஸ்எக்ஸின் கேஜஸ் ஃபோல்டரிலோ இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள்.

கோப்பு இருந்தும் தெரியவில்லையா? முதல்முறை அந்தக் கேஜை ஏற்றும்போது எஃப்எஸ்எக்ஸ் 'இதை நம்பலாமா' என்று கேட்டபோது இல்லை என்று அழுத்தியிருக்கலாம். எஃப்எஸ்எக்ஸின் அமைப்புக் கோப்பான எஃப்எஸ்எக்ஸ்.சிஎஃப்ஜி-யில் டிரஸ்டட் பகுதியில் அந்தக் கேஜின் வரியை நீக்கினால் மறுபடி கேட்கும்.

ஒரு எச்சரிக்கை: எஃப்எஸ்எக்ஸிலிருந்து வளர்ந்த பிரிபேர்3டி என்ற சிமுலேட்டர் பதிப்பு 4 முதல் 64 பிட். 32 பிட் ஜிஏயு கேஜ்களை அங்கே எங்கே வைத்தாலும் ஓடாது. எக்ஸ்எம்எல் (உரை வடிவில் எழுதிய) கேஜ்களுக்கு அந்தத் தடை இல்லை.