வாளையார் தாண்டினால் விஷமத்துக்கு வேறு அர்த்தம்

தங்கச்சி, உன் கேள்வியை மூன்று தடவை வாசித்தேன். கல்யாணமாகி ஏப்ரலில் மதுரையிலிருந்து கேரளத்தில் பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோடு வந்திருக்கிறாய். வீட்டுக்காரருக்குத் தொழிற்பேட்டையில் ஷிஃப்ட் வேலை. அவர் இரவு ஷிஃப்ட் போகிற வாரங்களில் உனக்கு நெஞ்சு படபடக்கிறது, தூக்கம் வந்தாலும் இரண்டு மணிக்கு விழிப்பு, சோறு இறங்கவில்லை, பஸ்ஸில் உட்கார்ந்தால்கூட அழுகை வருகிறது. "நீ என்ன துபாய்க்கா போயிருக்கே, பக்கத்து ஊருதானே" என்று அம்மாவே சொல்லிவிட்டார்கள். இது வெறும் ஊர் ஏக்கமா, வியாதியா, நான் எப்படிச் சமாளித்தேன், தமிழில் இங்கே யாரிடம் பேசுவது, ஆஸ்பத்திரிக்குப் போனால் பைத்தியம் என்பார்களா என்று கேட்டிருக்கிறாய். கடைசியில் இந்த ஊர்ச் சிவப்பரிசியான மட்ட அரியைப் பற்றியும் ஒரு வரி.

வயதில் சின்னவள், நீ என்றே எழுதுகிறேன். நானும் மேலூர்க்காரிதான். 2007-ல் பாலக்காட்டுக்கு வந்தேன், இப்போது கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இருக்கிறேன்.

அம்மா சொன்னதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். துபாய் போகிறவனை வேன் பிடித்து ஏர்போர்ட் வரை போய் அழுது அனுப்புகிறோம். வாளையார் எல்லை தாண்டிக் கேரளத்துக்கு வருகிறவளுக்கு ஒரு பையில் கருவாடும் அப்பளமும் கட்டிக் கொடுத்து பஸ் ஏற்றிவிடுகிறோம். நினைத்தால் வந்துவிடலாமே என்று எல்லோரும் சொல்வார்கள். அப்படி நினைத்தவுடன் எத்தனை பேர் போக முடிகிறது? தூரம் குறைவு என்பதற்காக, வருத்தப்படுவதற்கே நமக்கு உரிமை இல்லாத மாதிரி ஆக்கிவிடுகிறார்கள். கொஞ்ச நாளில் நாமும் அதை நம்பிவிடுகிறோம். என் விஷயத்தில் கெடுத்தது அதுதான்.

மொழியும் அப்படித்தான். சுத்தமாகப் புரியாத மொழி என்றால் கையைக் காலை ஆட்டிப் பேசிவிடலாம். பாதி புரிகிற மொழிதான் ஆளைக் களைப்பாக்குகிறது. வந்த புதிதில் பக்கத்து வீட்டுச் சேச்சி என் முகத்தைப் பார்த்து, "மோளே, எந்தா ஒரு விஷமம்?" என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. நான் என்ன விஷமம் செய்தேன்? வந்து இருபது நாள்கூட ஆகவில்லை, அதற்குள் பழி சொல்கிறார்களே என்று ஒரு வாரம் அவர் முகத்தையே பார்க்கவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, மலையாளத்தில் விஷமம் என்றால் மனவருத்தம். எனக்கு என்ன வருத்தம் என்று அந்த மாநிலத்திலேயே முதலில் கேட்ட ஒரே மனுஷியிடம்தான் நான் கோபித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

இப்படி இன்னும் உண்டு. பேடி என்றால் இங்கே பயம், நம் ஊரில் அது வசவு. சங்கடம் என்றால் துக்கம். குழப்பமில்லா என்றால் பரவாயில்லை, பிரச்சினை ஒன்றுமில்லை. உனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டு கை கால் ஓடாமல் ஆகிறதே, அதற்கு வெப்ராளம் என்று அழகாக ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். இந்த நான்கைந்து சொற்களை முதலில் கற்றுக்கொள். காய்கறிப் பெயர்களைக் கடைக்காரர் சொல்லிக்கொடுத்துவிடுவார்.

என் கதைக்கு வருகிறேன். 2020 மே மாதம் அப்பா இறந்துபோனார். ஊரடங்கு. அங்கே போக ஒரு பாஸ், திரும்பி வர இன்னொரு பாஸ். வாளையாரில் பாஸ் இல்லாமல் வெயிலில் நின்றவர்களை அப்போது டிவியில் பார்த்திருப்பாய். ஒரு மணி நேரத்தில் கோயம்புத்தூர் போய்ச் சேருகிற சாலை அன்றைக்கு வெளிநாட்டு எல்லையாக ஆகிவிட்டது. எனக்குப் பாஸ் கிடைத்து மேலூர் போய்ச் சேர்ந்தது மூன்றாம் நாள். அப்பா போட்டிருந்த சட்டை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. அவ்வளவுதான் மிச்சம்.

திரும்பி வந்ததும் ஒரு அறையில் 14 நாள் தனிமை. அப்போது கேரளத்தில் அப்படி ஒதுங்கியிருந்தவர்களுக்கு மாவட்ட மனநலத் திட்டத்திலிருந்து போன் செய்து விசாரிப்பார்கள். ‘ஒற்றைக்கல்ல, ஒப்பமுண்டு’ என்று அதற்குப் பெயர். நீ தனியாக இல்லை, கூட இருக்கிறோம் என்று அர்த்தம். எனக்கும் ஒரு பெண் போன் செய்தார். மூன்று தடவையும் "குழப்பமில்லா, சுகமாணு" என்று சொல்லி வைத்துவிட்டேன். நாலாவது தடவை அவர் வேறொன்றும் கேட்கவில்லை. "சேச்சிக்கு விஷமமுண்டோ?" என்றார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன், வார்த்தை வரவில்லை. அவர் போனை வைக்காமல் காத்திருந்தார். பத்து நிமிஷம் இருக்கும். அப்புறம் தமிழில்தான் பேசினேன். அவருக்குப் பாதி புரிந்திருக்கும். அது போதுமாக இருந்தது.

அதோடு சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. தனிமை முடிந்தும் எனக்குத் தூக்கம் இல்லை. ஒரு தனியார் கிளினிக்கில் நான் வாயைத் திறக்கும் முன்பே தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தின்றால் மயங்கிக் கிடப்பேன், எழுந்தால் அதே கனம். ஊருக்குப் போனால் சரியாகும் என்று ஒரு மாதம் மேலூரில் போய் இருந்தேன். அம்மா மல்லிகைச் சரம் வாங்கி வந்து தலையில் வைத்தார்கள், எனக்கு வாசனையே தெரியவில்லை. அப்போதுதான் புரிந்தது, இது ஊரால் வந்தது மட்டும் இல்லை என்று.

நீ கேட்ட முதல் கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் இதுதான். ஊர் ஏக்கம் என்றால் ஒரு நல்ல சாப்பாடு, ஒரு போன், தோழி ஒருத்தி வந்து போவது என்று நடுநடுவே இறங்கும். நாளில் பெரும்பாலான நேரம் மனது கனத்துக் கிடக்கிறது, பிடித்தது எதிலும் நாட்டமில்லை, கூடவே தூக்கமும் பசியும் கெட்டுப்போகிறது, இப்படியே ஏறக்குறைய தினமும் 2 வாரம் ஓடிவிட்டது என்றால் அதற்கு மேல் ஏக்கம் என்று சொல்லித் தள்ளிப்போடக் கூடாது. டாக்டர்கள் வைத்திருக்கிற கணக்கும் அதுதான். செத்துப்போனால் தேவலை என்று ஒரு தடவை தோன்றினாலும் 2 வாரம் காத்திருக்காதே, அன்றைக்கே சொல். நீ எழுதியதைப் பார்த்தால் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது போலிருக்கிறது. அதனால் போய்க் காட்டு என்றுதான் சொல்வேன்.

எங்கே? பெரிய ஆஸ்பத்திரி தேட வேண்டாம். உன் பஞ்சாயத்தில் அரசு குடும்பாரோக்கிய கேந்திரம் இருக்கும், நம் ஊர் ஆரம்ப சுகாதார நிலையம் மாதிரி. மனச்சோர்வைப் பார்ப்பதற்கென்றே அங்கெல்லாம் ‘ஆஸ்வாசம்’ என்று ஒரு கிளினிக் தொடங்கினார்கள். உங்கள் பஞ்சாயத்தில் எந்த நாள் என்று, வீடு வீடாக வருகிற சுகாதாரப் பணியாளரான ஆஷா சேச்சியிடம் கேள். சர்க்கரை, பிரஷர் பார்க்க வருகிறவர்களோடு நீயும் வரிசையில் நிற்கப் போகிறாய். நீ எதற்கு வந்தாய் என்று யாருக்குத் தெரியும்? அப்படித் தெரிந்தாலும், உன் சிகிச்சை விவரத்தை வெளியில் சொல்லக் கூடாது என்று 2017-ல் வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. எனக்கு அங்கே முதலில் எடுத்தது ரத்தம்தான். தைராய்டு, ரத்தசோகை இருந்தாலும் ஆள் இப்படிச் சோர்ந்து போகலாம் என்றார் அந்த டாக்டர். இரண்டும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் மாத்திரை எழுதினார்.

அந்த மாத்திரை தலைவலி மாத்திரை மாதிரி உடனே கேட்காது. இரண்டிலிருந்து நாலு வாரம் பிடிக்கும். எனக்கு முதல் வாரத்தில் வயிற்றைப் புரட்டியது, நிறுத்திவிடலாம் என்றுகூட நினைத்தேன். நம்மவர்கள் நிறையப் பேர் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள். இன்னும் சிலர் கொஞ்சம் தேறியதும் தாங்களாகவே நிறுத்திவிட்டு மறுபடி விழுகிறார்கள். ஆரம்பிப்பதும் நிறுத்துவதும் டாக்டர் கையில் இருக்கட்டும். எனக்குத் திரும்பி வந்தது முதலில் சந்தோஷம் இல்லை, நாக்கு. நாலாவது வாரம் வீட்டுக்காரர் வைத்த சாம்பாரில் உப்பில்லை என்று சத்தம் போட்டேன். மனுஷன் கோபப்படாமல் சிரித்தார். "வந்துட்டாடா" என்று மகனிடம் சொன்னார். எல்லோருக்கும் மாத்திரை தேவைப்படாது, சிலருக்குப் பேச்சு மட்டுமே போதும். உனக்கு எது என்று நான் சொல்லக் கூடாது.

மலையாளத்தில் சொல்ல வராது என்று பயப்படாதே. போவதற்கு முன்னால் ஒரு தாளில் எழுதிக்கொள்: எத்தனை மணிக்கு விழிக்கிறாய், கடைசியாக எப்போது வயிறாரச் சாப்பிட்டாய், எத்தனை நாளாக. பாலக்காட்டில் தமிழ் தெரியாத டாக்டரைத்தான் தேட வேண்டியிருக்கும். இரவு இரண்டு மணிக்கு விழித்து ஆளில்லாமல் தவிக்கும்போது 14416-க்குப் போன் செய். டெலி மானஸ் என்கிற மனநல உதவி எண் அது, மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கியது. இலவசம், இரவும் பகலும் எடுப்பார்கள், தமிழிலும் பேசலாம். கேரள அரசின் 1056 திசா உதவி எண்ணும் இலவசம், இரவும் பகலும் எடுப்பார்கள். கல்யாணமான புதிதில் இரவு போன் பேசினால் வீட்டுக்காரர் சந்தேகப்படுவாரோ என்று ஒருத்தி என்னிடம் கேட்டாள். அவரிடம் முன்பே சொல்லிவிட்டால் தீர்ந்தது. சொல்ல முடியாத மாதிரி இருந்தால் அது வேறு பிரச்சினை, அதையும் அந்த எண்ணிலேயே சொல்லலாம்.

தினப்படி விஷயத்தில் பெரிய உபதேசம் என்னிடம் இல்லை. அவருடைய ஷிஃப்ட்டுக்காக உன் தூக்கத்தை மாற்றாதே. அவர் பகலில் தூங்கினால் தூங்கட்டும், நீ காலையில் எழுந்து வெளிச்சத்தில் கொஞ்ச தூரம் நட. அம்மாவோடு நாள் முழுக்க வீடியோ காலில் இருக்காதே. நான் அப்படி இருந்து, உடம்பு இங்கேயும் உயிர் மேலூரிலுமாக இரண்டு வருஷம் ஓட்டினேன். குடும்பஸ்ரீ அயல்கூட்டம் உங்கள் தெருவிலும் இருக்கும், வார்டு மெம்பரைக் கேட்டுச் சேர்ந்துவிடு. வீட்டுக்கு ஒரு பெண், பத்திலிருந்து இருபது பேர், வாரம் ஒருநாள் கூடிச் சிறுசேமிப்புப் பணம் கட்டுவார்கள். முதல் மாதம் யாரும் உன்னிடம் பேசமாட்டார்கள், பேசினாலும் உனக்குப் புரியாது. இருந்தாலும் வாரம் ஒருநாள் தலை சீவி, சேலை மாற்றி, ஒரு இடத்துக்குப் போயாக வேண்டும் அல்லவா? எனக்கு அந்தக் கட்டாயம்தான் உதவியது. என் விஷமச் சேச்சியும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தார்.

மழையையும் கணக்கில் வை. மதுரைக்காரிக்கு ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழைதான் தெரியும். இங்கே ஜூனில் பிடித்தால் மாதக்கணக்கில் வானம் மூடிக் கிடக்கும், துணி காயாது, சுவர் பூக்கும். இப்போது ஆடி. இவர்களுக்குக் கர்க்கிடகம், பஞ்ஞ மாசம் என்பார்கள், பஞ்சம் பிடித்த மாதம் என்று அர்த்தம். அம்மியையே பறக்க வைக்கிற ஆடிக் காற்று இந்தப் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத்தான் நம் பக்கம் நுழைகிறது, அதன் வாசலில் நீ குடியிருக்கிறாய். அக்கம்பக்கத்து வீடுகளில் சாயங்காலம் விளக்கேற்றி ராமாயணம் வாசிப்பார்கள். அர்த்தம் புரியாவிட்டாலும் போய் உட்கார், துரத்தமாட்டார்கள். ஆடிக்கு அம்மா அழைத்தால் தயங்காமல் போய் வா. பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி, பழனி, திண்டுக்கல் வழியாக மதுரைக்கு ரயிலே இருக்கிறது. ஆனால் ஆஸ்பத்திரியில் ஒருமுறை காட்டிவிட்டுப் போ, திரும்பி வருகிற டிக்கெட்டையும் சேர்த்தே எடுத்துக்கொள்.

மட்ட அரிக்கு வருகிறேன். வேகவில்லை என்று எழுதியிருந்தாய். அதைப் பொன்னி மாதிரி குக்கரில் அளந்து தண்ணீர் வைத்தால் வேகாது. பெரிய பானையில் தண்ணீர் நிறைய வைத்துக் கொதிக்கவிட்டு, பொறுமையாக வேகவைத்து, கஞ்சி வடிக்க வேண்டும். அந்தக் கஞ்சியைக் கொட்டாதே, உப்புப் போட்டு இளஞ்சூட்டில் குடி, சோறு இறங்காத நாளிலும் அது இறங்கும். அப்படியும் பிடிக்கவில்லையா, கொழிஞ்சாம்பாறைக் கடைகளில் பொன்னி அரிசி கிடைக்கிறது. நான் இன்றுவரை அதைத்தான் வாங்குகிறேன்.