உதட்டோரக் கொப்புளத்துக்கு மருந்துக்கடை போதுமா?

குன்னூருக்குப் புதிதாகக் குடிவந்த ஒருவர், டிசம்பர் பிறந்தாலே தமக்கு மேலுதட்டின் ஓரத்தில் கொத்தாகக் கொப்புளம் கிளம்புவதாகவும், அது மலைக்குளிரால் வருவதுதானா, மருந்துக்கடையில் கேட்டு வாங்கினால் போதுமா என்றும் கேட்டிருக்கிறார். நான் கேத்திப் பள்ளத்தாக்கில் காரட் பயிரிடுபவன். மருத்துவம் படித்தவன் அல்லன். பல குளிர்காலங்களாக இதே தொல்லை எனக்கும் இருப்பதாலும், நான் வழக்கமாகச் செல்லும் ஊட்டி மருந்துக்கடையின் மருந்தாளுநர் அம்மா பொறுமையாக விளக்கிச் சொன்னதாலும் எழுதுகிறேன்.

பெரும்பாலானோருக்கு மருந்துக்கடையே போதும். ஆனால் நீங்கள் எப்போது போகிறீர்கள், என்ன சொல்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே அங்கே கிடைக்கும் உதவி அமையும். "உதட்டில் புண், ஏதாவது களிம்பு கொடுங்கள்" என்று மட்டும் கேட்டால் எதுவும் கைக்கு வரலாம். அந்த அம்மா என்னிடம் முதலில் கேட்டவை மூன்று கேள்விகள்: கொப்புளம் தெரிவதற்கு முன் அந்த இடத்தில் குறுகுறுப்போ எரிச்சலோ இருந்ததா, போன முறையும் இதே இடத்தில்தான் வந்ததா, எப்போது தொடங்கியது. குறுகுறுப்பு தொடங்கி ஒரு நாளுக்குள் நீர் கோத்த சிறு கொப்புளங்கள் கொத்தாக எழுந்து, பின் உடைந்து, பொருக்குத் தட்டி, பத்து நாள் அளவில் தழும்பின்றி ஆறினால் அது பெரும்பாலும் ஹெர்ப்பிஸ் சிம்ப்ளெக்ஸ் என்னும் வைரஸின் வேலை. வாய்க்குள் கன்னத்திலும் நாக்கிலும் வரும் வெண்ணிறப் புண் வேறு. வாயின் இரு கோணங்களிலும் வெடிப்பது வேறு. பனியில் உதடு முழுதும் வறண்டு உரிவதும் வேறு. தேன் நிறத்தில் பொருக்குக் கட்டிப் பரவினால் அது பாக்டீரியாத் தொற்றாக இருக்கலாம். இவற்றுக்கெல்லாம் மருந்து ஒன்றல்ல.

குளிரைப் பற்றிக் கேட்டீர்கள். ஒருமுறை தொற்றிய இந்த வைரஸ் முகத்து நரம்பின் முடிச்சில் ஆயுள் முழுதும் ஒடுங்கிக் கிடக்கும். காய்ச்சல், சளி, தூக்கமின்மை, மாதவிடாய், மனஅழுத்தம், கடும் வெயில் போன்றவை அதைக் கிளப்பிவிடும். நம் மலையில் எல்லோரும் பனியைத்தான் குறை சொல்கிறோம். என் அனுபவத்தில் வெயிலே பெரிய குற்றவாளி. ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 10 விழுக்காடு என்ற அளவில் புற ஊதாக்கதிர் கூடுகிறது. ஊட்டியோ 2,200 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. காலையில் உறைபனி விழுந்த அதே நாளில், மேகமில்லாத நண்பகலில் தொப்பியில்லாமல் தோட்டத்தில் நிற்பவருக்குச் சூடு உறைக்காது, ஆனால் உதடு வெந்துவிடும். ஆகவே எஸ்.பி.எஃப். என்னும் வெயில் காப்பு அளவு 30 உள்ள லிப் பாம் ஒன்றை மருந்தாளுநரிடமே கேட்டு வாங்கிப் பூசிக்கொள்ளுங்கள்.

மருந்து என்றால் 5 விழுக்காடு அசைக்ளோவிர் களிம்பு. குறுகுறுப்பு தோன்றியவுடனே தொடங்கி, விழித்திருக்கும் நேரத்தில் நான்கு மணிக்கொருமுறை, நாளுக்கு ஐந்து தடவை, நான்கைந்து நாள்கள் தடவ வேண்டும். அழுத்தித் தேய்க்காமல் ஒற்றியெடுப்பதுபோல் வைத்து, முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும். அதிகம் எதிர்பார்க்காதீர்கள், குணமாகும் காலத்தில் அரை நாளோ ஒரு நாளோதான் குறையும், பொருக்குத் தட்டிய பிறகு பூசினால் அதுவும் இல்லை. வலிக்குப் பாராசிட்டமால் போதும். மாத்திரையாக எடுக்கும் வைரஸ் மருந்துக்கு மருத்துவர் சீட்டு வேண்டும். சில கடைகளில் களிம்புக்கும் கேட்பார்கள், கேட்பது முறைதான். படைக்கும் அரிப்புக்கும் விற்கப்படும், ஸ்டீராய்டு கலந்த கூட்டுக் களிம்பை மட்டும் யார் நீட்டினாலும் வாங்காதீர்கள். அது வைரஸுக்கு வழிவிட்டுப் புண்ணைப் பெரிதாக்கக்கூடும். இந்த ஊரில் எல்லா நோவுக்கும் கை போவது நீலகிரித் தைலத்துக்கு. உடைந்த கொப்புளத்தில் அது எரிச்சலையே கூட்டும். சுண்ணாம்பும் பற்பசையும் அப்படியே.

குறுகுறுப்பு தொடங்கியதிலிருந்து பொருக்கு உதிரும்வரை இது பிறருக்குத் தொற்றும். துண்டு, டம்ளர், உதட்டுச்சாயம் எதையும் பகிர வேண்டாம். பிறந்த குழந்தைக்கு இது உயிராபத்தாகலாம் என்பதால் எவ்வளவு ஆசையிருந்தாலும் முத்தம் கூடாது. கண்ணைத் தொடாதீர்கள். கண்ணருகே கொப்புளமோ கண்ணில் சிவப்போ கூச்சமோ கண்டால் களிம்பை நம்பிக் காத்திராமல் அன்றே கண் மருத்துவரிடம் செல்லுங்கள். கர்ப்பிணிகள், புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்போர், எதிர்ப்புச் சக்தி குறைந்தோர், இரண்டு வாரமாகியும் ஆறாதவர்கள், ஆண்டில் ஆறு முறைக்கு மேல் கொப்புளம் காண்பவர்கள் ஆகியோரை அந்த அம்மா களிம்பு கொடுத்து அனுப்பாமல் மருத்துவரைப் பார்க்கச் சொல்கிறார். உங்களுக்கு வந்திருப்பது வாழ்வில் முதல் முறை என்றால், அடையாளம் உறுதிப்படுவதற்காகவாவது மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். அடுத்த குளிர்காலத்தில் குறுகுறுத்த அன்றே நேராக மருந்துக்கடைக்குப் போகலாம்.