அத்தை பதில்கள்: எந்தப் பேரை ஒட்டுவது?

அத்தை, வணக்கம். எனக்கு 22 வயது. மோல்மீனில் தையல் கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் படம் வரையப் படிக்கிறேன். காகிதம், துணி, சாயம், நூல் எல்லாம் கலந்து அவரவர் முகத்தைச் செய்து கொண்டுவரச் சொன்னார் வாத்தியார். நடுவில் கோடு போட்டு முகத்தைப் பிரித்தேன். ஒரு பக்கம் கோபுரம், மல்லிகை, பொட்டு. மறு பக்கம் புத்தர் கோயிலான பகோடா, முகத்தில் அரைத்துப் பூசுகிற மரப்பட்டையான தனாக்கா. பார்த்தால் கோயில் காலண்டர் மாதிரி இருக்கிறது. எனக்கு வீட்டில் தமிழ்ப் பேர், பள்ளியிலும் அடையாள அட்டையிலும் பர்மியப் பேர். படத்தில் எதை எழுதுவது? என்னை வளர்த்த ஆயா போன தை மாதம் இறந்துபோனார். அந்தத் துக்கமும் படத்தில் தெரிய வேண்டும். கண்ணீர் வரைந்தால் நாடகம் மாதிரி ஆகிவிடுகிறது. ஆயாவின் சேலை ஒன்றும், ஒரே ஒரு போட்டோவும் என்னிடம் இருக்கின்றன. என் பேரைப் போட வேண்டாம், இரண்டையும்தான்.
— ஒரு வாசகி, மோல்மீன்

முதலில் அந்தப் போட்டோவை எடுத்துப் பெட்டிக்குள் வை. பசை இருக்கும் மேசைக்கே அது வரக் கூடாது.

எதற்குச் சொல்கிறேன் என்றால், என் அம்மாவின் ஒரே படத்தை நான் மைதாப் பசை காய்ச்சி ஒட்டியவள். ஜூன் மாதம். ரங்கூன் மழை உனக்குத் தெரியும், மோல்மீன் மழை அதற்கும் அக்கா. பசை காய்வதற்குள் பூஞ்சை பூத்தது. பூஞ்சையைத் துடைத்து வைத்தால் கரப்பான் வந்தது. ஆவணி பிறந்தபோது அம்மாவுக்கு நெற்றியும் கண்ணும் இருந்தன, வாய் இல்லை. இந்தத் தப்புக்கு நான் யாரையும் திட்ட முடியாது, கரப்பானைத் தவிர.

ஆகவே ஜெராக்ஸ் எடு, பத்துப் பிரதியாக எடு. கடையில் எந்த மெஷின் என்று பார்த்துக்கொள். ஜெராக்ஸ் மெஷின் மைத்தூளைச் சூட்டில் உருக்கிக் காகிதத்தில் பதிப்பது, ஈரம் பட்டாலும் கலையாது. மையைத் தெளித்து அச்சடிக்கும் சின்ன பிரிண்டரில் எடுத்த கலர் படம் பெரும்பாலும் பசை பட்டதும் ஊதா ஊதாவாக ஓடும். ஒரு துண்டில் தண்ணீர் தொட்டுத் தேய்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பசைக்கு, மரம் ஒட்டுகிற வெள்ளைப் பசையே போதும், கொஞ்சம் தண்ணீர் விட்டு, காகிதத்தின் முழு முதுகிலும் தடவு. நான்கு மூலையில் மட்டும் வைத்தால் நடுவில் அப்பளம் மாதிரி உப்பும்.

சரி, காலண்டர் விஷயத்துக்கு வருவோம். கோபுரமும் பகோடாவும் மல்லிகையும் ஊருக்குப் பொது. என் முகத்திலும் ஒட்டலாம், உன் முதலாளி முகத்திலும் ஒட்டலாம். உன்னுடையது என்று சொல்ல உன் கை தேய்த்த பொருள் வேண்டும். தையல் கடையில் வேலை என்கிறாய். உன் கத்தரிக்கடியில் விழுகிற, அலை அலையாக நெய்த அச்செய்க் பட்டுத் துணுக்கு, அளவெடுக்கிற நாடாவில் அழிந்துபோன எண், தையல் சாக்கட்டி, வாடிக்கையாளர் திரும்பக் கேட்காத பொத்தான்... கோபுரத்தைத் தேடி எதற்குப் போனாய்? 1912-ல் பிக்காசோ ஓர் ஓவியத்தில் நாற்காலிப் பிரம்பு அச்சடித்த எண்ணெய்த் துணியை ஒட்டி, படத்தைச் சுற்றிச் சட்டத்துக்குப் பதில் கயிற்றைக் கட்டினார். ஒட்டுப்பட வேலை என்றாலே அதைத்தான் முதலில் சொல்வார்கள். யோசித்துப் பார், நம் சாயாக் கடை மேசை விரிப்பு மாதிரி ஒரு துணி, ஒரு கயிறு, அவ்வளவுதான்.

துக்கத்தை எப்படிக் காட்டுவது என்று கேட்டாய். இதில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். முகத்தில் தேடாதே, கை வேலையில் தேடு. வெட்டிய காகிதம் ஒரு மாதிரி பேசும், கிழித்த காகிதம் வேறு மாதிரி பேசும். ஒட்டிய பிறகு பாதியைச் சுரண்டி எடுத்தால் அது மூன்றாவது பேச்சு.

என் படத்தையே சொல்கிறேன். 1987 செப்டம்பரில் அரசாங்கம் 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தது. உன் அம்மாவைக் கேள், சொல்வார். அப்பா எனக்கு நகை வாங்க என்று ஒரு பிஸ்கட் டின்னில் 75 கியாட் நோட்டாகச் சேர்த்து வைத்திருந்தார். ஒரே பகலில் அது டின் நிறையக் காகிதம். அவர் அதைத் தூக்கிப் போடவும் இல்லை, அதைப் பற்றிப் பேசவும் இல்லை. அவர் போன பிறகு டின் என்னிடம் வந்தது. என் முகத்தைச் செய்தபோது அந்த நோட்டுகளை ரவிக்கையாக ஒட்டினேன். வரிசையாக, ஓரம் ஓரத்தோடு சேர, தையல்காரி புத்தியோடு. பார்த்தால் நல்ல பூப்போட்ட ரவிக்கை! அழகு, அவ்வளவுதான். ஒரு வாரம் அதை முறைத்துக்கொண்டே இருந்தேன்.

அப்புறம் பலகையிலிருந்து அதை ஈரம் செய்து உரித்தெடுத்து, காயவைத்து, மெஷினில் கொடுத்தேன், ஊசியில் நூல் கோக்காமல். நூல் இல்லாமல் ஓட்டினால் தையல் விழாது, ஓட்டை மட்டும் விழும். வரிவரியாக ஓட்டை. ரவிக்கைக்கு எங்கெங்கே தையல் வருமோ அங்கெல்லாம் ஓட்டினேன். பின்னால் கறுப்புத் துணி வைத்து மறுபடி ஒட்டியபோது, தைத்தது மாதிரியே இருந்தது, ஆனால் எதையும் எதுவும் பிடித்திருக்கவில்லை. என் தம்பி பார்த்துவிட்டு அந்த டின் எங்கே என்று கேட்டான். 1987-க்குப் பிறகு எங்கள் வீட்டில் அதைப் பற்றி வந்த முதல் பேச்சு அது. படத்தில் என் முகம் சும்மாதான் இருக்கிறது, பஸ்ஸுக்கு நிற்கிற முகம்.

உனக்கும் மெஷின் இருக்கிறது. ஆனால் என் ஓட்டையைத் திருடாதே, உனக்கென்று ஒன்று கண்டுபிடி.

ஆயாவின் சேலையை வெட்ட மனசு வரவில்லை என்றால் வெட்டாதே. துக்கம் பழசாக ஆக, வெட்டாமல் விட்டதற்கு நன்றி சொல்வாய். அதற்குப் பதில் ஷான் மாநிலத்துப் பிண்டயாவில் மல்பெரிப் பட்டையில் செய்கிற மெல்லிய காகிதம் இருக்கிறதே, குடைக்குப் போடுவார்கள், அதில் ஒரு தாள் வாங்கு. சேலைக் கரையை மேசையில் விரித்து, மேலே காகிதத்தை வைத்து, கரித்துண்டைப் படுக்கவைத்து மெதுவாகத் தேய். சரிகையும் இழை மேடும் கறுப்பாக எழும்பும், ஆயா கை துடைத்துத் தேய்ந்த இடம் வெறும் மங்கலாக வரும். அந்த மங்கல்தான் உனக்கு வேண்டியது. கரி பரவாமலிருக்க, ஓவியச் சாமான் கடையில் கிடைக்கிற நிலைநிறுத்தும் தெளிப்பானை ஒரு முழம் தள்ளி நின்று அடி. இந்தக் காகிதத்தைக் கிழிக்கும்போது கிழிக்கும் கோட்டில் முதலில் ஈரத் தூரிகையை ஓட்டிவிட்டு இழு. நார்நாராகப் பிரிந்து வரும், முடி மாதிரி.

தனாக்காவை வண்ணத்தில் வரையாதே. நிஜ தனாக்காவையே கல்லில் அரைத்துப் பூசு. வெறும் தண்ணீரில் குழைத்தால் காய்ந்ததும் உதிரும், வெள்ளைப் பசை நாலு சொட்டு சேர். கொஞ்சம் கனமாகப் பூசினால் காயும்போது தானாகவே வெடிக்கும். அந்த வெடிப்பை உன்னால் தூரிகையில் கொண்டுவரவே முடியாது.

இனி பேர். மெக்சிகோவின் ஃப்ரீடா காலோ 1939-ல் தன்னையே இரண்டு பெண்ணாக வரைந்தார். ஒருத்தி ஐரோப்பிய உடுப்பில், இன்னொருத்தி சொந்த நாட்டு உடுப்பில், பக்கத்துப் பக்கத்தில் கைகோத்து உட்கார்ந்திருப்பார்கள். இரண்டு பேர் இதயமும் வெளியே தெரியும், ஒரே இரத்தக் குழாய் இரண்டையும் இணைக்கும். கவனி, முகத்தை அவர் நடுவில் பிளக்கவில்லை. ஆளுக்கு ஒரு முழு முகம் கொடுத்தார். உன் கோடு எனக்குப் பிடிக்காததற்குக் காரணம் அதுதான். நீ திங்கட்கிழமை பாதி, செவ்வாய்க்கிழமை பாதி என்றா கடைக்குப் போகிறாய்?

எனக்கும் இரண்டு பேர். பர்மியப் பேருக்கு முன்னால், இளம்பெண்ணுக்குப் போடுகிற 'மா' இருந்தது. ஒரு நாள் ஆஸ்பத்திரிச் சீட்டில் அது, வயதான பெண்ணுக்குப் போடுகிற 'டோ' என்று மாறியிருந்தது. யாரோ ஒரு குமாஸ்தா என்னைக் கேட்காமலே கிழவி ஆக்கிவிட்டார். ஆக, அட்டைப் பேரும் அசையாத பேர் இல்லை.

நீ எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். ஆயா உன்னை எப்படிக் கூப்பிட்டார்? வளர்த்த கிழவிகள் தமிழ்ப் பேர், பர்மியப் பேர் எதையும் முழுசாகச் சொல்ல மாட்டார்கள். கட்டச்சி, குஞ்சு, வாலு என்று ஏதாவது ஒன்று இருக்கும். இப்போது அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட ஆள் இல்லை. அதைத்தான் படத்தில் வைக்கச் சொல்வேன். துணியின் பின்பக்கமிருந்து தை. முன்னால் வரும்போது எழுத்து இடவலம் மாறி, வாத்தியாருக்கு ஏதோ பூவேலையாகத் தெரியும்.

அத்தை, கண்ணாடியைப் பார்த்து வரைந்தால் என் முகம் எப்போதும் சின்னதாகவே வருகிறது. கண் நெற்றிக்கு ஏறிவிடுகிறது. ஏன்?
— தட்டோன் வாசகர்

கண்ணாடி மேல் சோப்புத் துண்டால் உங்கள் முகத்தைச் சுற்றிக் கோடு போட்டு, நாடா வைத்து அளந்து பாருங்கள். நிஜ முகத்தில் பாதிதான் இருக்கும். பக்கத்தில் நின்றாலும் தள்ளி நின்றாலும் அதே பாதிதான், நம்பாவிட்டால் நகர்ந்து நின்று மறுபடி அளங்கள். அந்தச் சோப்பு முகத்தை அப்படியே எடுத்தால் வேண்டிய அளவுக்குப் பெருக்கிக்கொள்ளலாம். கண்ணைப் பற்றி: உச்சந்தலையிலிருந்து மோவாய் வரை அளந்தால் கண் ஏறக்குறைய நடுவில் இருக்கும். தலைமுடியை எல்லாரும் மறந்துவிடுகிறோம், அதனால்தான் கண் மேலே ஏறுகிறது. இன்னொன்று, கண்ணாடியில் வகிடு பக்கம் மாறித் தெரியும். அட்டைப் போட்டோவோடு ஒத்துப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

அத்தை, எனக்கு 58 வயது. தலை முழு வழுக்கை. மாண்டலே தங்க ரேக்கு ஒட்டி என் படத்தைச் செய்ய ஆசை. ரேக்கு கையிலேயே ஒட்டிக்கொள்கிறது, பறக்கிறது. வழி சொல்லுங்கள்.
— பெகு வாசகர்

விசிறியை நிறுத்துங்கள், ஜன்னலைச் சாத்துங்கள், மூச்சையும் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள். அடித்து அடித்து மெல்லியதாக்கிய தங்கம், விரல் எண்ணெய் பட்டாலே போதும், விரலோடு போய்விடும். ரேக்கு இருக்கும் காகிதத்தோடே கவிழ்த்து, பாதி காய்ந்து பிசுபிசுக்கிற பசை மேல் வைத்து, பஞ்சால் தட்டிவிட்டுக் காகிதத்தை உரியுங்கள். மலிவாகக் கிடைக்கிறதே என்று பித்தளை ரேக்கு வாங்கினால், மேலே வார்னிஷ் பூசாமல் விடாதீர்கள். நம் ஊர் ஈரத்தில் பச்சையாகிவிடும். நிஜத் தங்கம் என்றால், அண்ணே, வழுக்கை முழுவதையும் மூடக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு வாங்குங்கள். காதோடு நிறுத்திக்கொண்டாலும் படம் நன்றாகத்தான் இருக்கும்.