பென்டிரைவில் யார் எதை நகலெடுக்கிறார்கள் என்று விண்டோஸிலேயே பார்க்க முடியுமா?

கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலை அலுவலகத்திலிருந்து கொள்முதல் விலைப்பட்டியல் பென்டிரைவில் வெளியே போகிறதா என்று கண்காணிக்க, தனி மென்பொருள் வேண்டுமா எனக் கேட்டிருக்கிறீர்கள். விண்டோஸ் 10 அல்லது 11 புரோ என்றால் வேண்டியதில்லை.

விண்டோஸின் பாதுகாப்பு அமைப்புகள் இருக்கும் லோக்கல் செக்யூரிட்டி பாலிசியைத் திறங்கள். அதில் அட்வான்ஸ்டு ஆடிட் பாலிசி, அதற்குள் ஆப்ஜெக்ட் ஆக்சஸ், அதில் ஆடிட் ரிமூவபிள் ஸ்டோரேஜ். சக்சஸ், ஃபெயிலியர் இரண்டையும் டிக் செய்யுங்கள். பிறகு, கணினியில் நடப்பவற்றின் பதிவைக் காட்டும் ஈவன்ட் வியூவரில், செக்யூரிட்டி பதிவில் 4663 என்ற நிகழ்வு எண்ணைத் தேடினால் பயனர் பெயர், கோப்பின் பெயர், எந்த நிரல் என்ற மூன்றும் கிடைக்கும். கோப்பைத் திறந்து பார்த்தாலும் இதே எண்தான் விழும். அந்த நிகழ்வின் விவரத்தில் ‘ரைட்டேட்டா’ என்றிருந்தால்தான் எழுதியதாக அர்த்தம். பென்டிரைவில் விழுந்த பெயர்தான் பதிவாகும். பெயரை மாற்றி நகலெடுத்தால் மூலக்கோப்பு எதுவென்று தெரியாது.

பலர் கோட்டை விடுவது செக்யூரிட்டி பதிவுக் கோப்பின் அளவில். இயல்பாக 20 எம்பிதான். பெரிய ஃபோல்டர் ஒன்று நகலானாலே பழைய பதிவுகள் அழியத் தொடங்கும். 1 ஜிபி ஆக்குங்கள். எல்லோரும் ஒரே லாகினில் வேலை பார்த்தால் இத்தனையும் வீண். ஆளுக்கொரு லாகின் கொடுங்கள், கண்காணிப்பு உண்டு என்று ஊழியர்களுக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அது அவர்களுக்குச் செய்யவேண்டிய நியாயம்.

கேபிளில் செருகிய ஆண்ட்ராய்டு ஃபோனுக்குப் போவது இதில் சிக்காது. குரூப் பாலிசியின் ரிமூவபிள் ஸ்டோரேஜ் ஆக்சஸ் பகுதியில், டபிள்யூபிடி சாதனங்களுக்கு (ஃபோன் போன்றவை) எழுதும் அனுமதியை மறுத்துவிடுங்கள். அட்மின் உரிமை உள்ளவர் பதிவையே அழிக்கலாம். அப்போது, பதிவு அழிக்கப்பட்டதைக் காட்டும் 1102 என்ற எண் மட்டும் மிஞ்சும்.