சிறையில் நின்ற போதைப் பழக்கம் வெளியில் வந்தபின் திரும்புமா?

கேள்வி: என் தம்பிக்கு 24 வயது. விசைப்படகில் தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்தவன், மூன்று கிராம் ஹெராயினுடன் பிடிபட்டு ஆறு வாரமாக ரிமாண்டில் இருக்கிறான். முதல் வாரம் உடம்பு முறுக்கி, வயிற்றுப்போக்கில் துவண்டு போனான், இப்போது தேறிவிட்டான். "உள்ளேயே மறந்துவிட்டான், இனி மருந்து எதற்கு?" என்கிறார் அப்பா. வழக்கு நடக்கும்போது சிகிச்சைக்குப் போனால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடாதா? ஜாமீனில் வந்ததும் ஏதாவது ஒரு மையத்தில் பூட்டி வைக்கலாமா? (ஒரு சகோதரி, தேவிபட்டினம்)

பதில்: ஹெராயின் நின்ற சில மணி நேரத்தில் தொடங்கி, இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரம் பத்து நாளில் அடங்கிவிடுகிற அந்த உடல் வேதனையைத்தான் உங்கள் தம்பி கடந்திருக்கிறார். மனத்தின் வேட்கை அடங்குவதற்கு மாதக்கணக்கில் ஆகும். கைக்குக் கிடைக்காததால் விட்டிருப்பதைச் சிகிச்சையாகக் கணக்கில் கொள்ள முடியாது என்பதை அப்பாவிடம் பொறுமையாகச் சொல்லுங்கள்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை, அவர் வெளியே வரும் முதல் இரண்டு வாரங்களைப் பற்றியது. ஆறு வாரம் விட்டிருந்ததில் பழைய அளவைத் தாங்கும் சக்தி உடலுக்குக் குறைந்திருக்கும். பழைய கூட்டாளிகளோடு சேர்ந்து முன்பு எடுத்த அதே அளவை எடுத்தால் மூச்சே நின்றுவிடலாம். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையானவர்களைப் பின்தொடர்ந்து 2007-இல் வெளியான ஆய்வு, அந்த இரண்டு வாரங்களில் போதை மிகையால் அவர்கள் இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைப்போல் 129 மடங்கு என்று காட்டியது. எனவே அவர் உள்ளே இருக்கும்போதே சிறை மருத்துவரிடம் பழக்கத்தைச் சொல்லி, தொடர் சிகிச்சைக்கு ஏற்பாடு கேளுங்கள். ஹெராயினுக்குப் பதிலாக மருத்துவர் கண்காணிப்பில் புப்ரெனார்ஃபின் என்ற மருந்தைக் கொடுக்கும் மாற்றுச் சிகிச்சை, டெல்லி திகார் சிறையில் 2008-லேயே தொடங்கப்பட்டிருக்கிறது.

வெளியே வந்ததும் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்து வாருங்கள். பல வாரம் ஹெராயின் இல்லாமல் இருப்பவருக்கு, எடுத்தாலும் போதை ஏறாமல் தடுக்கும் நால்ட்ரெக்ஸோன் என்ற மருந்தைக் கொடுக்கலாம், அல்லது குறைந்த அளவில் புப்ரெனார்ஃபின் தொடங்கலாம். எது என்பதைப் பரிசோதித்த மருத்துவரே முடிவு செய்வார். புப்ரெனார்ஃபின் மாத்திரையை நாக்கின் அடியில் வைத்து, முழுவதும் கரையும்வரை பேசாமல் இருக்க வேண்டும். பழக்க தோஷத்தில் தண்ணீர் விட்டு விழுங்கிவிட்டு "மருந்து கேட்கவில்லை" என்று வருபவர்கள் உண்டு. கடலுக்குப் போகும் நாள்களில் மருந்து தவறும் என்பதை முதல் நாளே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் வருமானமும் வேலையும் இல்லாமல் கரையில் இருப்பார் என்பதால், அப்போது கவனம் இரட்டிப்பாக வேண்டும்.

சிகிச்சைக்கு வருவது குற்ற ஒப்புதல் ஆகாது. மருத்துவரிடம் சொல்வதை ரகசியமாகக் காக்கும் கடமை 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தில் இருக்கிறது. நீதிமன்ற உத்தரவு போன்ற சில விலக்குகளும் உண்டு. ஹெராயினுக்கு ஐந்து கிராம்வரை 'சிறிய அளவு' என்பதால், 1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் 64-ஏ பிரிவு உங்களுக்குப் பொருந்தக்கூடும்: போதைக்கு அடிமையானவர் தாமாகவே அரசு அல்லது அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சை பெற முன்வந்தால் வழக்கிலிருந்து பாதுகாப்பு கிடைக்கும்; பாதியில் விட்டால் அது போய்விடும். தீர்ப்பில் குற்றவாளி எனக் கண்டாலும், 39-ஆம் பிரிவின்படி அவர் சம்மதத்துடன் சிகிச்சைக்காக அவரைப் பிணைப்பத்திரத்தில் விடுவிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. எது பொருந்தும் என்பதை வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும். காவலில் இருப்பவருக்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரைத் தரும்.

பூட்டி வைப்பது வேண்டாம். நம் மாவட்டத்தின் ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த காப்பகம் ஒன்று 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி தீப்பிடித்தபோது சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் இறந்ததை இக்கரையில் யாரும் மறந்திருக்க முடியாது. எந்த வடிவிலும் சங்கிலியிடுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. பதிவு இல்லாத மையங்களில் பணம் கட்டிச் சேர்க்காதீர்கள்; 14446 என்ற இலவச உதவி எண்ணில் கேட்டு உறுதி செய்த பின்னரே சேருங்கள்.

வீட்டில் அவர் எழுப்பியும் எழாமல், மூச்சு மிக மெதுவாகி, உதடு நீலமானால், தூங்கட்டும் என்று விடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வைத்து, உடனே 108-ஐ அழைத்து, ஹெராயின் எடுத்திருக்கலாம் என்று மறைக்காமல் சொல்லுங்கள். ஹெராயினின் விளைவை முறிக்கும் நலோக்ஸோன் ஊசி போட அந்தத் தகவல் அவசியம்.