அமிர்தசரஸில் ஒரு நாள்: முழுநாள் தனி வண்டி தேவையா?

கேள்வி: டெல்லியில் வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து அப்பா, அம்மா வருகிறார்கள். அமிர்தசரஸைப் பார்க்க வேண்டும் என்பது அப்பாவின் நெடுநாள் ஆசை. அம்மாவுக்கு முழங்கால் வலி. ஒரு டிராவல்ஸ்காரர் தனி வண்டி, வழிகாட்டியோடு முழுநாள் சுற்றுலா ஏற்பாடு செய்து தருவதாகச் சொல்கிறார். காலை 9 மணிக்கு ஹோட்டலில் ஏற்றிக்கொண்டு பொற்கோயில், ஜாலியன்வாலா பாக், பிரிவினை அருங்காட்சியகம், கோபிந்த்கர் கோட்டை, துர்கியானா கோயில், வாகா எல்லை எல்லாம் காட்டி, இரவு 8 மணிக்குத் திரும்பக் கொண்டுவந்து விடுவாராம். இதை எடுக்கலாமா? ஒரே நாளில் இவ்வளவும் முடியுமா?

பதில்: வண்டி எடுங்கள். ஆனால் இந்தப் பட்டியலுக்கு எடுக்காதீர்கள். காரணம் சொல்கிறேன்.

அமிர்தசரஸின் பழைய நகரத்துக்கும் தனி வண்டிக்கும் ஒத்துப்போகாது. டவுன் ஹாலிலிருந்து பொற்கோயில் வரை போகும் ஹெரிடேஜ் ஸ்ட்ரீட் நடந்து போகிறவர்களுக்கான தெரு. உங்கள் வண்டி சற்றுத் தள்ளி ஒரு வாகன நிறுத்தத்தில்தான் நிற்கும். பொற்கோயில், ஜாலியன்வாலா பாக், டவுன் ஹாலில் இருக்கும் பிரிவினை அருங்காட்சியகம் மூன்றும் இந்த ஒரே தெருவை ஒட்டியவை, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போய்விடலாம். ஆக, காலை 9 மணியிலிருந்து மதியம் வரை நீங்கள் வாடகை கொடுக்கும் வண்டியில் ஓட்டுநர் தூங்கிக்கொண்டிருப்பார். வண்டி உண்மையில் உதவுவது பிற்பகலில், சுமார் 30 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் எல்லைக்குப் போகும்போதுதான்.

இதைவிடப் பெரிய குறை, பொற்கோயிலுக்குக் காலை 9 மணிக்குப் போவது. ஊரில் உள்ள எல்லா டிராவல்ஸ் வண்டிகளும் அந்த நேரத்தில்தான் ஆட்களைக் கொண்டுவந்து இறக்கும். குளத்தின் நடுவே இருக்கும் சன்னிதிக்குப் போக ஒரே ஒரு பாலம். அதில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல், ஞாயிறு, விடுமுறை நாளென்றால் அதற்கும் மேலே, நெருக்கிக்கொண்டு நிற்க வேண்டிவரும். முழங்கால் வலியோடு அம்மா அதில் நிற்பது சிரமம். வெயில் காலத்தில் சலவைக்கல் தரையும் காலைச் சுடும். ஈரச் சணல் விரிப்பு போட்டிருப்பார்கள், ஆனாலும் வெறுங்காலோடு குளத்தைச் சுற்றி வர வேண்டுமே.

அதனால் முந்தைய நாள் மாலையே அமிர்தசரஸ் போய்ச் சேருங்கள். டெல்லியிலிருந்து பிற்பகலில் புறப்படும் வந்தே பாரத் ரயில் இருக்கிறது, ஐந்தரை மணி நேரத்தில் கொண்டுபோய் விடுகிறது. பையை அறையில் வைத்துவிட்டு, இரவே பொற்கோயிலுக்குப் போய்விடுங்கள். இதற்கு வண்டியும் வேண்டாம், வழிகாட்டியும் வேண்டாம். இரவு 10 மணியை ஒட்டி (பருவத்தைப் பொறுத்து கொஞ்சம் முன்பின் ஆகும்) சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த் சாஹிபைப் பல்லக்கில் வைத்து, சன்னிதியிலிருந்து எதிரே உள்ள அகால் தக்த் என்ற பீடத்துக்கு எடுத்துப் போவார்கள். விடியற்காலையில் அதே பல்லக்கு திரும்பி வரும். கோடையில் 4 மணி வாக்கில், குளிர்காலத்தில் 5 மணி வாக்கில். பல்லக்குக்குத் தோள் கொடுக்கக் கூட்டம் முட்டும். பெரியவர்கள் அகால் தக்த் முன்னால் உள்ள திறந்த வெளியில் ஓரமாக நின்றாலே நன்றாகப் பார்க்கலாம். அன்றைய சரியான நேரத்தை மணிக்கூண்டு வாசலுக்குப் பக்கத்தில் உள்ள கோயில் தகவல் அலுவலகத்தில் கேளுங்கள். கோயிலைப் பற்றிய சந்தேகங்களுக்கும் அங்கே பொறுமையாகப் பதில் சொல்வார்கள்.

சன்னிதிக்குள் போயே ஆக வேண்டுமா என்றால், என் கருத்து, அம்மாவைப் பொறுத்தவரை கட்டாயமில்லை. உள்ளே பாடப்படும் கீர்த்தனை குளத்தைச் சுற்றி எல்லா இடத்திலும் கேட்கும். குளக்கரை மண்டபத்தில் ஒரு தூணோரம் உட்கார்ந்து அரை மணி நேரம் கேட்டால் போதும், நிறைய சீக்கியப் பாட்டிமார்களே அப்படித்தான் செய்கிறார்கள். அப்பாவுக்கு உள்ளே போக விருப்பமிருந்தால் விடியற்காலை நல்லது. வார நாளென்றால் இன்னும் நல்லது. நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலி உண்டு. அங்கே சேவை செய்யும் சேவாதார்களிடம் தயங்காமல் கேளுங்கள்.

போகும் முன் கொஞ்சம் வரலாறு தெரிந்திருந்தால் வழிகாட்டியை அவ்வளவாக நம்பியிருக்க வேண்டியதில்லை. ஊரை நிறுவியவர் நான்காம் குரு ராம் தாஸ், குளம் வெட்டும் வேலையும் அவர் காலத்தில் தொடங்கியதுதான். குளத்தின் நடுவே கோயிலைக் கட்டியவர் ஐந்தாம் குரு அர்ஜன். அவர் தொகுத்த ஆதி கிரந்தம் (குரு கிரந்த் சாஹிபின் முதல் வடிவம்) 1604-இல் அங்கே வைக்கப்பட்டது. எந்தத் திசையிலிருந்து யார் வந்தாலும் உள்ளே வரலாம் என்பதற்காக நான்கு பக்கமும் வாசல். அகால் தக்த் ஆறாம் குரு ஹர்கோபிந்த் 1606-இல் நிறுவியது. அருளுக்கு ஒரு பீடம், அதிகாரத்துக்கு ஒரு பீடம் என்று இரண்டையும் எதிரெதிரே வைத்திருக்கிறார்கள் என்பதை அங்கே நின்று பார்த்தால்தான் புரியும். 1762-இல் ஆப்கானிய மன்னர் அகமது ஷா அப்தாலி கோயிலைத் தகர்த்தார், சீக்கியர்கள் சில ஆண்டுகளிலேயே திரும்பக் கட்டத் தொடங்கினார்கள். இன்று நாம் பார்க்கும் பொன் தகடு மகாராஜா ரஞ்சித் சிங் காலத்தில், 19-ஆம் நூற்றாண்டில் வேய்ந்தது. 1984 ஜூனில் நடந்த ராணுவ நடவடிக்கையில் அகால் தக்த் பெரும் சேதமடைந்து, பிறகு மீண்டும் எழுப்பப்பட்டது. அந்தப் பேச்சை நீங்களாக எடுக்காதீர்கள், அங்குள்ளவர்கள் எடுத்தால் கேட்டுக்கொள்ளுங்கள். அதன் நினைவு நாள் வரும் ஜூன் முதல் வாரத்தில் பாதுகாப்புக் கெடுபிடி அதிகம், பெற்றோரோடு போக அது நல்ல நேரமில்லை. ஏப்ரல் நடுவில் வரும் பைசாகிப் பண்டிகையும் தீபாவளியும் கண்கொள்ளாக் காட்சிதான், ஆனால் முழங்கால் வலிக்கு ஆகாது.

தலையை மூட வேண்டும், ஆண்களும்தான். தொப்பி ஆகாது. வாசலிலேயே துணி இலவசமாகக் கிடைக்கும். தெருவில் துரத்தி வந்து விற்பவரிடம் வாங்கத் தேவையில்லை. செருப்பு காப்பகமும் இலவசம். சிகரெட், புகையிலை எதுவும் பையிலோ சட்டைப்பையிலோகூட இருக்கக் கூடாது. குளக்கரையில் அமைதியாக ஒரு படம் எடுப்பதை யாரும் தடுப்பதில்லை. பாலத்துக்குப் போகும் வாசலைத் தாண்டினால் கேமரா கூடாது. ரீல்ஸுக்காக ஆட்டம், யோகாசனம் என்று போய்ச் சிக்கலில் மாட்டியவர்கள் உண்டு. குளக்கரையில் உட்காரும்போது காலைத் தண்ணீரில் தொங்கவிட வேண்டாம்.

அப்புறம் லங்கர், கோயிலின் அன்னசாலை. டிராவல்ஸ்காரர்களின் பட்டியலில் இது "சமையற்கூடம் காண்பித்தல்" என்று பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. இரவு பகலாக நடக்கும் இந்த அன்னசாலையில் சாதாரண நாளிலேயே 50,000 பேருக்குக் குறையாமல் சாப்பிடுகிறார்கள் என்பது கணக்கு. தட்டு, கிண்ணம், கரண்டி வாங்கிக்கொண்டு தரையில் வரிசையாக உட்கார வேண்டும். ரொட்டியை இரண்டு கையையும் நீட்டி ஏந்தி வாங்க வேண்டும், ஒரு கையை நீட்டினால் மரியாதைக் குறைவு. பருப்பு, ஒரு காய், ரொட்டி, பெரும்பாலும் கீர் (பாயசம்). எத்தனை முறை கேட்டாலும் போடுவார்கள், தட்டில் மிச்சம் வைக்கக் கூடாது. அம்மாவால் தரையில் உட்கார முடியாது என்றால் முன்னாலேயே ஒரு சேவாதாரிடம் சொல்லி இடம் கேட்டுக்கொள்ளுங்கள். சாப்பிட்டு முடித்ததும் உடனே கிளம்பிவிடாதீர்கள். பூண்டு உரிக்க, மாவு உருட்ட, தட்டு கழுவ யார் வேண்டுமானாலும் உட்காரலாம். மதம் கேட்பதில்லை, பெயர் கேட்பதில்லை. பூண்டு உரிக்கும் இடத்தில் அப்பாவை உட்கார வைத்துவிட்டால் அவரை எழுப்புவதுதான் உங்களுக்கு வேலையாக இருக்கும். மொழி தெரியாவிட்டால் என்ன, கத்தியைக் கையில் கொடுத்துவிடுவார்கள்.

வழிகாட்டியை நான் பரிந்துரைப்பது காலை 10 மணியிலிருந்து ஒரு மணி வரைக்கும்தான், அதுவும் ஜாலியன்வாலா பாகுக்கும் பழைய கடைத்தெருவுக்கும். நல்ல வழிகாட்டியா என்று அறிய ஒரு கேள்வி போதும்: உதம் சிங் லண்டனில் யாரைச் சுட்டார்? "டயர்" என்று சொன்னால் ஆளை மாற்றச் சொல்லுங்கள். 1919 ஏப்ரல் 13 அன்று பாகில் கூடியிருந்த மக்களைச் சுட உத்தரவிட்டவர் ஜெனரல் ரெஜினால்ட் டயர். அவர் 1927-இல் நோயில் இறந்தார். அந்தப் படுகொலைக்குப் பழிவாங்க உதம் சிங் 1940 மார்ச் 13-இல் சுட்டது மைக்கேல் ஓ'ட்வயரை, சம்பவத்தின்போது பஞ்சாபின் லெப்டினன்ட் கவர்னராக இருந்தவர். அன்று சுடப்பட்டவை 1,650 தோட்டாக்கள். அரசுக் கணக்கில் இறந்தவர்கள் 379 பேர். இந்தியத் தரப்பு சொன்னது அதைவிடப் பல மடங்கு. உள்ளே வரும் குறுகிய சந்து 2021 சீரமைப்பில் சிற்பங்கள் பதித்த சுவராக மாறிவிட்டது. அதைப் பிடிக்காதவர்களில் நானும் ஒருவன். குண்டு துளைத்த செங்கல் சுவரும் கிணறும் இருக்கின்றன, அங்கே நேரம் கொடுங்கள்.

பிரிவினை அருங்காட்சியகம் 2017-இல் திறந்தது. திங்கட்கிழமை விடுமுறை, அதைப் பார்த்து நாளைக் குறியுங்கள். அகதிகள் கையோடு கொண்டுவந்த பெட்டி, கடிதம், துணிமணி, அவர்களே பேசிய பதிவுகள் எல்லாம் அங்கே இருக்கின்றன. ஒன்றரை மணி நேரம் வேண்டும். மாலையில் எல்லைக்குப் போகும் முன் இதைப் பார்த்துவிட்டால், எல்லையில் உள்ள வாயிற்கதவு எதைப் பிரிக்கிறது என்று தெரிந்துகொண்டு போவீர்கள்.

கோபிந்த்கர் கோட்டையை விட்டுவிடுங்கள். மோசமான இடம் இல்லை. மாலை நிகழ்ச்சிகளோடு பார்க்க வேண்டிய இடம், எல்லைக்குப் போகும் நாளில் பொருந்தாது. துர்கியானா கோயில் பொற்கோயிலின் சாயலில் குளத்தின் நடுவே 20-ஆம் நூற்றாண்டில் கட்டிய லட்சுமி நாராயணர் கோயில், வெள்ளிக் கதவுகள் அழகு. நேரமிருந்தால் பாருங்கள், இல்லாவிட்டால் வருந்த வேண்டாம்.

மதியச் சாப்பாட்டுக்குப் பழைய நகரச் சந்துக்குள் இருக்கும் கேசர் தா தாபா பலரும் தேடிப் போகும் சைவ உணவகம், மணிக்கணக்காக வேகவைத்த கறுப்பு உளுந்துப் பருப்பில் நெய் மிதக்கும். காலையில் அமிர்தசரி குல்சா ரொட்டியும் சுண்டலும் சாப்பிட்டிருந்தால் மதியம் அளவோடு நிறுத்துங்கள், லஸ்ஸி தனிச் சாப்பாட்டுக்குச் சமம். சாப்பிட்டதும் ஹோட்டலில் ஒரு மணி நேரம் படுத்து எழுவது பெரியவர்களுக்கு நல்லது. முழுநாள் சுற்றுலாவில் இதற்கு இடமே இருக்காது.

இப்போதுதான் வண்டி. பிற்பகல் இரண்டரை, மூன்று மணிக்கு (குளிர்காலமென்றால் இன்னும் அரை மணி முன்னால்) கிளம்புங்கள். இந்தியப் பக்கத்து ஊர் அட்டாரி. வாகா பாகிஸ்தான் பக்கம், பேச்சு வழக்கில் எல்லாரும் வாகா என்றே சொல்கிறார்கள். 1959-இலிருந்து நடக்கும் கொடியிறக்கும் நிகழ்ச்சி சூரிய அஸ்தமனத்தை ஒட்டியது, அதனால் நேரம் பருவத்துக்குப் பருவம் மாறும். நுழைவு இலவசம். எல்லைப் பாதுகாப்புப் படையின் இணையதளத்தில் முன்பதிவு வசதி இருக்கிறது. "விஐபி பாஸ்" என்று காசு கேட்பவரிடம் ஏமாறாதீர்கள். எல்லாருக்கும் அடையாள அட்டை வேண்டும். கைப்பை எதையும் உள்ளே விடமாட்டார்கள், சின்னப் பர்ஸ் தவிர. பகிர்வு ஆட்டோவில் வருபவர்கள் பையை எங்கே வைப்பது என்று தவிப்பது இங்கேதான், தனி வண்டியென்றால் வண்டியிலேயே விட்டுவிடலாம். வாகன நிறுத்தத்திலிருந்து அரங்கம் வரை நல்ல தூரம் நடை, பிறகு படிகள். அம்மாவுக்குக் கீழ்வரிசை கேளுங்கள். செல்போன் சிக்னல் அங்கே பெரும்பாலும் கிடைக்காது. ஓட்டுநரோடு சந்திக்கும் இடத்தை இறங்கும்போதே பேசிக்கொள்ளுங்கள்.

2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு இந்த நிகழ்ச்சியைச் சுருக்கினார்கள்: கதவைத் திறப்பதும் இரு தரப்பு வீரர்கள் கைகுலுக்குவதும் நின்றன. எல்லையில் பதற்றம் கூடினால் பொதுமக்களை அனுமதிப்பதையே நிறுத்துவதும் நடக்கிறது. கிளம்பும் நாள் காலையில் ஹோட்டலில் விசாரித்துவிடுங்கள். இதற்காகவே எல்லைப் பயணத்துக்கு முழுப் பணத்தையும் முன்கூட்டிக் கட்டாதீர்கள். ரத்தானால் எவ்வளவு திரும்பும் என்று எழுத்தில் வாங்குங்கள்.

டிராவல்ஸ்காரரிடம் இப்படிக் கேளுங்கள்: பிற்பகல் முதல் இரவு வரை வண்டிக்கு என்ன வாடகை, காலை மூன்று மணி நேர வழிகாட்டிக்குத் தனியாக என்ன கட்டணம், வாகன நிறுத்தக் கட்டணமும் ஓட்டுநர் படியும் இதில் சேர்ந்ததா? பிரித்துச் சொல்ல மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள், ஹோட்டல் வரவேற்பறையிலேயே அட்டாரிக்கு வண்டி ஏற்பாடு செய்து தருவார்கள். "வழியில் ஒரு புல்காரி கடை" (பஞ்சாபிப் பூத்தையல் துணிக்கடை) என்று பேச்சு வந்தால், வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்தக் கடையில் நீங்கள் வாங்குவதில் ஓட்டுநருக்குக் கமிஷன் உண்டு, உங்களுக்குப் போவது ஒரு மணி நேரம்.

டிசம்பர், ஜனவரியில் போவதாக இருந்தால் மட்டும் திரும்பும் ரயிலுக்கும் டெல்லியில் பெற்றோர் ஊருக்கு ஏறும் விமானத்துக்கும் நடுவே ஒரு முழு நாள் இடைவெளி விடுங்கள். அந்த மாதங்களில் பஞ்சாபின் மூடுபனியில் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும்.