‘பொம்மை’ என்ற சொல் பொருந்துமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

தென்னாப்பிரிக்காவின் பாண்டுஸ்தான்கள் (நிறவெறி அரசு கறுப்பின மக்களுக்கென ஒதுக்கிய தாயகப் பகுதிகள்) பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். அவற்றில் ஒன்றான வெண்டாவின் அதிபராக இருந்த பேட்ரிக் ம்பெபுவை ‘வெள்ளை அரசின் பொம்மை’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். அவர் பரம்பரை அரசர் அல்லவா? அவர் காலத்தில்தானே பல்கலைக்கழகம் வந்தது, பலருக்கு அரசு வேலை கிடைத்தது? அவர் மறுத்திருந்தால் பிரிட்டோரியாவிலிருந்த வெள்ளை அரசு இன்னொருவரை உட்கார வைத்திருக்கும். தொலைவில் இருந்துகொண்டு தீர்ப்புச் சொல்வது எளிது.

க., மதுரை

அன்புள்ள க.,

உங்கள் கடிதம் வந்தபின் அந்த வரியைப் பலமுறை படித்துப் பார்த்தேன். ‘பொம்மை’ என்று எழுதியது தவறுதான். ஆனால் நீங்கள் சொல்லும் காரணத்தால் அல்ல.

முதலில் பரம்பரை. லிம்போபோ ஆற்றுக்குத் தெற்கே, சௌட்பான்ஸ்பெர்க் மலைகளில் வாழும் வெண்டா மக்கள் 1867இல் மக்காடோ அரசரின் தலைமையில் போயர்களை (டச்சு வழிவந்த வெள்ளைக் குடியேறிகளை) ஷூமன்ஸ்டால் குடியிருப்பிலிருந்தே வெளியேற்றியவர்கள். அவருடைய மகன் ம்பெபு 1898இல்தான் தோற்றார். ஆற்றைக் கடந்து வடக்கே தப்பிச் சென்றார். பேட்ரிக் ம்பெபு அந்த வழியில் வந்தவர். அந்தப் பெருமை உண்மையானது. ஆனால் வெண்டா நாட்டில் சிவாசே, ம்பாபுலி என்று வேறு பெரிய தலைவர் குடும்பங்களும் உண்டு. எல்லோருக்கும் மேலான அரசியல் அதிகாரத்தை ம்பெபுவுக்குக் கொடுத்தது முன்னோர் அல்ல, பிரிட்டோரியா அமைத்த ஏற்பாடு.

அந்த ஏற்பாடு எப்படி வேலை செய்தது என்பதைக் கட்டுரையில் விரிவாக எழுதாமல் விட்டது என் பிழை. 1973இல் வெண்டா சட்டமன்றத்துக்குத் தேர்தல் நடந்தது. 60 இடங்களில் 18க்கு மட்டுமே தேர்தல். அந்த 18இல் 13ஐ வென்றது பால்ட்வின் முடாவின் வெண்டா சுதந்திர மக்கள் கட்சி. ஆனாலும் மீதி இடங்களில் தேர்தலின்றி அமர்ந்திருந்த குலத் தலைவர்களின் பலத்தில் ம்பெபு முதலமைச்சரானார். 1978இல் மீண்டும் தேர்தல். இம்முறை மக்கள் தேர்ந்தெடுக்கும் இடங்கள் 42. முடாவின் கட்சிக்கு 31 கிடைத்தன, ம்பெபுவின் கட்சிக்கு 11. அடுத்து என்ன நடந்தது தெரியுமா? எதிர்க்கட்சி உறுப்பினர்களைப் பிடித்துக் காவலில் வைத்தார்கள். பிறகு கூடிய மன்றம் ம்பெபுவையே மீண்டும் முதலமைச்சராக்கியது.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முடாவின் கட்சியும் தாயகப் பகுதி என்ற அமைப்பை முழுக்க நிராகரித்த கட்சி அல்ல. அதன் பெயரிலேயே ‘சுதந்திரம்’ இருக்கிறது. ஆகவே அந்த வாக்குகளை நிறவெறி அரசுக்கு எதிரான தீர்ப்பு என்று நான் பெரிதாக்க மாட்டேன். ஆனால் தலைவர்களின் ஆட்சி எங்களுக்கு வேண்டாம், ம்பெபு வேண்டாம் என்று மக்கள் சொன்னார்கள். இரண்டு முறை சொன்னார்கள். எனக்கு அது போதும்.

அந்த மனிதர்தான் 1979 செப்டம்பர் 13 அன்று ‘சுதந்திர வெண்டா’வின் அதிபரானார். தென்னாப்பிரிக்காவையும் அது உருவாக்கிய பிற பாண்டுஸ்தான்களையும் தவிர உலகில் எந்த நாடும் அதை ஏற்கவில்லை. வெண்டாவின் தலைநகர் தொஹொயாண்டூவில் கொடி ஏறிய அன்று, ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து அங்கேயே உழைத்துக்கொண்டிருந்த வெண்டா மக்களும் தென்னாப்பிரிக்கக் குடியுரிமையை இழந்தார்கள். சொந்த நாட்டிலேயே அந்நியராவதற்கு அவர்கள் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடவில்லை.

அவர் மறுத்திருந்தால் இன்னொருவர் வந்திருப்பார் என்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் மறுத்தவர்கள் இருந்தார்கள். ஜூலு மக்களுக்கான பாண்டுஸ்தான் குவாசூலுவின் முதலமைச்சர் புத்தெலேசி மீது எனக்கு ஆயிரம் குறைகள் உண்டு. இருந்தும் பிரிட்டோரியா நீட்டிய சுதந்திரத்தை அவர் கடைசி வரை வாங்கவில்லை. லெபோவா என்ற இன்னொரு பாண்டுஸ்தானும் வாங்கவில்லை. குவாண்டெபெலே என்ற பாண்டுஸ்தானில் 1986இல் மக்கள் கிளர்ந்தெழுந்து அதைத் தடுத்தே விட்டார்கள். அதே நாட்டில் 1984இல் இந்திய வம்சாவளியினருக்கென்று தனி மன்றம் ஒன்றை அரசு கொண்டுவந்தபோது, தமிழர்களையும் உள்ளடக்கிய அந்தச் சமூகத்தின் பதிவுபெற்ற வாக்காளர்களில் ஐந்தில் நான்கு பேர் வாக்களிக்கப் போகவில்லை.

பல்கலைக்கழகம் 1982இல் வந்தது உண்மை. அதில் படித்தவர்கள் யாரையும் நான் குறைசொல்லவில்லை. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டை மறக்க முடியவில்லை. 1981 அக்டோபரில் வெண்டாவின் சிபாசா காவல் நிலையம் தாக்கப்பட்டது. அதையடுத்துப் பலரைப் பிடித்தார்கள். அவர்களில் ஒருவர் சிஃபிவா முவோஃபே, லூத்தரன் கிறிஸ்தவ சபையின் குருப்பட்டம் பெறாத போதகர். காவலில் இரண்டே நாள். நவம்பர் 12 அன்று இறந்துவிட்டார். மரண விசாரணை வெண்டா பாதுகாப்புப் போலீசார் இருவரைப் பொறுப்பாக்கியது. பின்னர் நடந்த கொலை வழக்கில் அவர்கள் விடுதலையானார்கள். அதே சபையின் டீன் (வட்டாரத் தலைமைக் குரு) சைமன் ஃபரிசானியும் அப்போது சித்திரவதை செய்யப்பட்டார், மாரடைப்பு கண்டு மருத்துவமனைக்குப் போனார். அந்தப் போலீஸ் ம்பெபு அரசின் போலீஸ். சிறைக் கதவைத் திறந்து மூடியவர்களும் வெண்டா மொழி பேசியவர்கள்தான்.

இதனால்தான் ‘பொம்மை’ தவறு என்கிறேன். பொம்மைக்குக் குற்றம் கிடையாது. ம்பெபு தோற்ற தேர்தலுக்குப் பிறகும் பதவியில் இருக்க விரும்பினார், அதற்கு என்னென்ன வேண்டுமோ அவற்றைச் செய்தார், 1988இல் இறக்கும் வரை அதிபராகவே இருந்தார். அடுத்து வந்த ஃபிராங்க் ராவெலேயின் ஆட்சி இரண்டே ஆண்டு. 1990 ஏப்ரலில் கேப்ரியல் ராமுஷ்வானா என்ற படை அதிகாரி அவரை நீக்கினார். இராணுவப் புரட்சிகளை வரவேற்பவன் அல்ல நான். ஆனால் ராமுஷ்வானா வெண்டாவை மீண்டும் தென்னாப்பிரிக்காவோடு இணைக்கவே விரும்பினார். 1994 ஏப்ரல் தேர்தலோடு அந்த ‘நாடு’ முடிந்துபோனது.

கட்டுரையில் ‘பொம்மை’யை எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் 31, 11 என்ற இரண்டு எண்களையும் முவோஃபேயின் பெயரையும் சேர்த்திருக்கிறேன். மறுபடி ஒருமுறை படித்துவிட்டு எழுதுங்கள்.